நாவலுக்குள் அண்ணையைக் கண்டுபிடித்தவர்கள்

நான் எழுதிய முதல் நாவலில் ஒருவரும் அழமாட்டார்கள். மருந்துக் கம்பனி ஒன்றின் சதியை வெளிப்படுத்தும் ஆவணம் ஏழு நாளில் ஐந்து நாடு தாண்டி ஓடுகிறது. கொலைகாரர்களும் பின்னால் ஓடுகிறார்கள். வாசிக்கிறவர் தேத்தண்ணியை ஆறவிட்டுப் பக்கம் புரட்டவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வேலணைத் தீவில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு இப்படி ஓர் ஆசை வரக்கூடாதா?

சரவணைச் சனசமூக நிலையத்தில் வாசகர் கருத்துக்கூட்டம் வைத்தார்கள். விளக்கேற்றி, எனக்குப் பொன்னாடை போர்த்தி, இருத்தினார்கள். முதலில் பேசிய ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் கதை நல்ல வேகம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா பிள்ளை, போரில எங்கட சனம் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. தீவில இருந்துகொண்டு நீர் ஏன் லிஸ்பனில ஓடுறீர்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெள்ளைக்காரன் எழுதினால் விறுவிறுப்பு, நான் எழுதினால் மட்டும் கண்ணீரா? நான் பட்டதை எப்போது எழுதுவது, எழுதாமலே விடுவதா என்பதெல்லாம் என் விருப்பம் இல்லையா?

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு பழக்கம். கதையில் ஓர் ஆள் வந்தால், அவர் எந்த ஊர், யாருடைய ஆள் என்று கண்டுபிடிக்காமல் புத்தகத்தை மூடமாட்டார்கள். சுருவிலிலிருந்து வந்த தபால்காரர் எழும்பினார். ரோமில் ஆட்களின் கழுத்தை நெரிக்கிற கிழவன், கரம்பொனில் காணி வழக்காடுகிற தன்னுடைய பெரியப்பாதான் என்றார். சபை கைதட்டியது. கொலைகாரனைக்கூடச் சொந்தத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

அடுத்ததாக என் ஒன்றுவிட்ட அக்கா எழும்பினார்.

நாவலில் அந்த ஆவணத்தைக் களவெடுக்கிறவன் ஒரு தமிழன். தான் ஜெனீவாவில் பெரிய அதிகாரி என்று ஊரிலுள்ள தங்கைக்குப் பொய் சொல்லிக்கொண்டிருப்பவன். என்னுடைய சொந்த அண்ணையும் சுவிஸில்தான் இருக்கிறார். கம்பனி ஒன்றில் அதிகாரி. ஞாயிறு தவறாமல் வீடியோவில் கதைப்பார்.

"இது உன்ர அண்ணைதானே? எனக்கு மூண்டாம் பக்கத்திலேயே விளங்கீட்டுது," என்றார் அக்கா. "ஆனா அவனைக் கள்ளனாக்கினது சரியில்லை."

கடைசியில் ஏற்புரை. எழுதினவர் எழும்பி, விளக்கேற்றியவர் முதல் கதிரை அடுக்கியவர் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்பதுதான் முறை. நான் மைக்கைப் பிடித்தேன்.

"என்ர அண்ணையை எனக்குத் தெரியும். இருபது வருசமா அங்க கௌரவமா வேலை செய்யிறார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். கதை வாசிக்கத் தெரியாட்டி வாசிக்காதேங்கோ. சாதகக் குறிப்புப் பாக்கிற மாதிரிப் புத்தகத்தைப் பாக்காதேங்கோ."

ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. பொன்னாடையைக் கதிரையில் போட்டுவிட்டு, வடையும் தின்னாமல் வந்துவிட்டேன்.

நான் வீடு வந்து சேருமுன்னமே யாரோ கைத்தொலைபேசியில் பிடித்த என் ஏற்புரை சுவிஸுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிறு அண்ணை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நான் அழைப்பு எடுத்தபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது. அம்மா, அப்பா போனபிறகு எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். பட்டினி கிடந்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்ட நேரமெல்லாம் அந்தச் சபையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஏசினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சனம், ஒரு நாவலை வைத்து எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

நாலாம் ஞாயிறு எடுத்தார். நான் அவரைப் பேசவிடவில்லை.

"அதுகளின்ர கதையைக் கேட்டு என்னோட கோவிக்கிறீங்களே, அண்ணை! அது வெறும் கற்பனை. முதல்ல புத்தகத்தை வாசியுங்கோ."

"வாசிச்சனான்," என்றார். "ரெண்டு தரம். நல்லா எழுதியிருக்கிறாய்."

"பிறகென்ன?"

"களவு மட்டும்தான் நான் செய்யேல்லை. மிச்சமெல்லாம் சரி. ஹோட்டல் குசினியில கோப்பை கழுவுறன். வந்த நாளில இருந்து அதுதான் வேலை. சனம் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பன். நீ சபையில எழும்பி, அண்ணைக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டாய் பார், அதுக்குப் பிறகு உன்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு."

நாவலுக்காக ஜெனீவா ரயில் நிலையத்துக்கு எத்தனை வாசல் என்றுகூடத் தேடி எழுதியவள் நான். கள்ளன் எந்த வாசலால் தப்புவான் என்று மூன்று நாள் யோசித்திருக்கிறேன். அங்கே என்ன வேலை, எத்தனை மணிக்குப் போவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று இந்த மனிதரை இருபது வருடத்தில் ஒரு ஞாயிறாவது கேட்டதில்லை. சபைக்கு ஏசிய ஏச்செல்லாம் எனக்கே ஏசவேண்டும் போலிருந்தது.

"கை நோகுமா, அண்ணை?" என்று கேட்டேன்.

"குளிர் காலத்தில தோல் வெடிக்கும்," என்றார். "அதாலதான் வீடியோவில கையைக் காட்டுறேல்லை."