தென்னை நடக்காது

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி, குசினி வாசலில். என் மகள், கதிரையில், மடியில் என் கிளினிக் கொப்பியோடு. என் மகன், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு. எங்கள் மீனவர் சங்கத்தின் செயலாளர், மாமரத்தின் கீழ். ஏறாவூரிலிருந்து நண்டு எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரி நானா, நண்டு இல்லை என்று தெரிந்தும் போகாமல். ஆறாவது ஆள் நான்.

கதை என் தோணியைப் பற்றியது. இனி நான் வாவிக்குப் போகக் கூடாது. தோணியைச் செயலாளரின் மச்சான் எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

காரணம், எனக்கு மறதி என்றார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தவன். எழுதுவது கஷ்டம். இதையும் மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை ஊரே கேட்டுவிட்டது. நான் சொல்வதையும் யாராவது கேட்கட்டும்.

கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போனேன், அடி கருகியது. உண்மை. ஒரு பேத்தியை இன்னொரு பேத்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவும் உண்மை. எனக்கு ஐந்து பேத்திகள்.

மகள் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் சின்னப் பெண். மரியாதையான பிள்ளை.

“இண்டைக்கு என்ன தேதி ஐயா?”

“தெரியா.”

எழுதிக்கொண்டார். எனக்கு இருபத்தைந்து வயதில் கேட்டிருந்தாலும் தேதி தெரிந்திருக்காது. அப்போது அதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை. பிறகு மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். பந்து, சாவி, தேசிக்காய். கொஞ்சம் கழித்துக் கேட்டபோது இரண்டைத்தான் சொன்னேன். சாவியை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பூட்டே இல்லை. வயதுக்கு இது இருக்கும், ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள் என்றார் டொக்டர். மகள் வெளியே வந்து அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நண்டுக்கூட்டின் கதை.

நான் நண்டுக்கூடு போடுகிறவன். ஒரே நீளக் கயிற்றில் கூடுகளைக் கட்டித் தன்னாமுனைக்கு நேரே வாவியில் தாழ்த்துவேன். மிதவை கட்டமாட்டேன். மிதவை கண்டால் அடுத்தவன் இழுத்துக்கொண்டு போவான். தாழ்த்திய இடத்தை மனதில் வைக்க வேண்டும். அதற்குக் கரையில் இரண்டு பக்கம் அடையாளம் பிடிப்பது. ஒரு பக்கம் கோயில் சிலுவை, அதற்கு முன்னால் ஓர் உயரப் பனை. இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மற்றப் பக்கம் ஒரு வீட்டின் நீலத் தண்ணீர்த் தாங்கி, அதற்கு முன்னால் விட்டுப்போன இறால் பண்ணையின் தூண். தூண் நீலத்தை மறைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சரிவருகிற இடம் வாவியில் ஒன்றே ஒன்றுதான்.

கூடு தாழ்த்தியது புதன். வியாழன் ஊரில் சாவீடு, போகவில்லை. வெள்ளி போனேன். சிலுவை சரி. நீலம் சரி. அடியில் கிடக்கிற கயிறு மாட்டக் கொழுக்கியைப் போட்டு இழுத்தேன். சேறுதான் வந்தது. சனியும் அப்படித்தான். வெறும் தோணியோடு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளிடம் சொன்னாள். மகள் மகனிடம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது செயலாளர் மாமரத்தின் கீழ் நிற்கிறார்.

மகன்தான் தொடங்கினான். அவன் செங்கலடியில் போன் கடையில் வேலை செய்கிறான்.

“அப்பா, போன்ல ஒரு புள்ளி போட்டு வெச்சா முடிஞ்சுது. எங்க போட்டண்டு அதுவே காட்டும்.”

“போன் தண்ணிக்குள்ள விழுந்தா?”

“நீங்க விழுந்தா?” என்றாள் மனைவி, வாசலில் இருந்து.

செயலாளர் நயமாகப் பேசினார். “கோவிக்காதீங்க அண்ணே. வயசு போனா எல்லாருக்கும் வாறதுதான். கரையில இரிந்து வல பின்னலாம்தானே.”

“நான் வலக்காரன் இல்ல. கூட்டுக்காரன்.”

“அப்ப கூடு எங்க?”

நானா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“தோணியில ஏறுங்க,” என்றேன்.

“எங்க?” என்றார் செயலாளர்.

“கூடு கிடக்கிற இடத்துக்கு. கிடைக்கல்லண்டா தோணிய உங்கட மச்சான்ட துறையில கட்டிட்டு நடந்து வாறன். மறுகா ஆத்துப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன்.”

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மகள் எழுந்துவிட்டாள். “வேணாம்ப்பா.” இரண்டு நாள் தேடிவிட்டு வந்த என் முகத்தை அவள் பார்த்திருந்தாள்.

தோணியில் நாலு பேர் போனோம். நான், மகன், செயலாளர், நானா. நானாவை யாரும் கூப்பிடவில்லை. சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவராகவே ஏறினார். மகன் துடுப்புக்குக் கை நீட்டினான்.

“பறையாம இரி மனே,” என்று துடுப்பை நானே எடுத்தேன்.

இடத்துக்குப் போனோம். சிலுவை பனையில் நின்றது. நீலம் தூணில் மறைந்தது. கொழுக்கியைப் போட்டேன். சேறு. திரும்பப் போட்டேன். சாதாளைப் பாசி. மூன்றாம் முறையும் சேறு.

“ஆத்த முழுக்க உழுறதோ அண்ணே?” என்றார் செயலாளர். மகன் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.

அப்போது எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்கவில்லை. இவர்கள் சொல்வது சரியோ என்று நினைத்தேன். சரி என்றால் தோணி மட்டும் போகாது. எனக்கு எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. எல்லாம் தலையில்தான். அங்கே ஓட்டை விழுந்தால் நான் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

முன்பு நான் பிடித்த அடையாளம் வேறு ஒரு பனை. சண்டைக் காலத்தில் ஷெல் பட்டு அதன் தலை போனது. பிறகு ஓட்டு வீடு ஒன்றின் முகடு. அந்த வீட்டுச் சனம் போனது, கூரையும் போனது. பிறகு ஒரு சவுக்கு மரம். காற்றில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நீலத் தாங்கி. பனை நின்ற இடத்தை இன்றைக்கும் கை நீட்டிக் காட்டுவேன். அந்த வீட்டில் இருந்த நாலு பேரின் முகமும் தெரியும். கடைசிப் பிள்ளைக்கு முன்பல் இல்லை. கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லை.

கொழுக்கியைத் தோணிக்குள் வைத்தேன். கரையைப் பார்த்தேன். இரண்டு நாளும் நீலத்தை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது அதன் பக்கத்தையும் பார்த்தேன். அதே வளவில் ஒரு வளைந்த தென்னை நிற்கும். நீலத்துக்கு இடப்பக்கம், ஒரு கை அகலம் தள்ளி. இன்றைக்கு வலப்பக்கம் நிற்கிறது.

“தென்ன நடக்காது,” என்றேன்.

“என்ன?” செயலாளர் மகனைப் பார்த்தார். தலை முற்றாகப் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

“நானா, நீங்க அந்த றோட்டாலதானே வாற. அந்த நீல டாங்கி வீட்டுல என்ன நடக்குது?”

“மேல்மாடி கட்டுறாங்க அண்ணே. வியாழக்கிழமதான் டாங்கிய இறக்கி அங்கால குளிக்கிற அறைக்கு மேல தூக்கி வெச்சாங்க. நானும் ஒரு கை பிடிச்சன்.”

“நீங்களா தூக்கின?” என்றேன்.

“கூப்பிட்டாங்க, தூக்கின. இது உங்கட டாங்கியண்டு எனக்கு ஆரு சொன்ன?”

மகன் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அப்போதுதான்.

நீலத்தை விட்டேன். தென்னைக்கு வலப்பக்கம் ஒரு கை அகலத்தில், இப்போது ஒன்றும் இல்லாத இடத்துக்கு நேரே, தூணைக் கொண்டுவந்தேன். சிலுவையைப் பனையில் வைத்தேன். இரண்டு கையையும் விரிக்கிற நீளம் ஒரு பாகம்; தோணி நாற்பது பாகம் நகர்ந்திருக்கும். கொழுக்கியைப் போட்டேன். இரண்டாம் இழுவையில் கயிறு மாட்டியது.

மகனிடம் கொடுத்தேன். அவன் இழுத்து இழுத்துக் கூடுகளை எண்ணினான். பாதி நண்டு செத்திருந்தது. மற்றது ஒன்றையொன்று கடித்துக் கால் இல்லாமல் கிடந்தது. நானா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்தாறு,” என்றான் மகன். “முடிஞ்சுது.”

“முடியல்ல. இன்னும் ஒண்டு இரிக்கு. இழு.”

“கயிறு வருகுதில்லப்பா. கல்லுதான்.”

“கல்லு இல்ல. சேத்துக்குள்ள தாண்டு கிடக்கு. இழு மனே.”

இழுத்தான். கறுத்த சேற்றோடு கடைசிக் கூடு வந்தது. உள்ளே ஒரு பெரிய நண்டு, உயிரோடு. செயலாளர் எங்கள் துறைவரை வராமல், தன்னை வழியில் தெற்குத் துறையிலேயே இறக்கிவிடச் சொன்னார். இறக்கிவிட்டேன். தோணியைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.

பிழை என்னுடையதுதான். மனிதன் தூக்கக்கூடிய ஒன்றை அடையாளமாகப் பிடித்தேன். நீலம் தூரத்துக்கு நன்றாகத் தெரியும் என்ற சோம்பல். ஆனால் பிழை வேறு, மறதி வேறு. தாங்கியை இடம் மாற்றியது அவர்கள். அது முன்பு எங்கே இருந்தது என்று அன்று அந்தத் தண்ணீரில் ஞாபகம் வைத்திருந்தவன் நான் ஒருவன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சேற்றைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். மனைவிதான் சொன்னாள்.

“இஞ்சேருங்க. அடுப்ப நான் பாக்கிறன். ஆத்த நீங்க பாருங்க.”

“கிளினிக்குக்கும் வரணும்,” என்றாள் மகள்.

“வாறன்.”

“போன் கொண்டு போகணும்.”

“ஏலா.”

“தனியப் போறண்டா நான் ஒவ்வொரு நாளும் பயந்து சாகணுமா அப்பா?”

நான் கூடுகளின் சேற்றைக் கழுவத் தொடங்கினேன். மறுநாள் விடியப் போனேன். தனியாகத்தான். அவள் ஒரு கலண்டர் கொண்டுவந்து சுவரில் அடித்தாள். நான் கரைக்கு வந்தால் மனைவி ஒரு புள்ளி போட வேண்டும். நான் அதைப் பார்ப்பதில்லை. பேத்திகளின் பெயர் இன்னும் மாறித்தான் வருகிறது. தேதி இன்றைக்கும் தெரியாது.

நேற்று மகள் வந்து கலண்டரின் முன் நின்று, விரலை வைத்துப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது தாளில் தடுமாறி முதலில் இருந்து தொடங்கினாள். நான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் எத்தனை என்று சொன்னேன். அவள் நம்பாமல் கடைசிப் புள்ளி வரை எண்ணினாள்.

நூற்றுப் பதினொன்று.