ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

போன வாரம் பதுளையில் பஸ் அரைமணி நேரம் நின்றுவிட்டது. போரில் இறந்த சிப்பாய்களுக்கு ஏதோ நினைவு விழாவாம். பாண்ட் வாத்தியக்காரர்கள் தெருவை அடைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சீட்டுச் சிங்கள அம்மா "பெரெட்டுவ" என்றார். அணிவகுப்பு என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குப் பெரட்டு என்றால் வேறு. காலையில் தப்பு அடித்து ஆட்களை வேலைக்கு அழைத்து, வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்தத் தப்பில் எனக்கும் கொஞ்சம் கை உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்த பிறகு ஹாலிஎலவில் பேக்கரி, கொஸ்லந்தவில் லொறி கழுவுதல் என்று எங்கேயும் நாலு மாதம் தங்கவில்லை. பசி கடைசியில் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டது. தப்புக்கார மாரிமுத்து அண்ணன் சோறு போட்டார். பதிலுக்கு மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக் கொடுப்பேன். சூடான தோல் வாசனைக்கு இன்றைக்கும் எனக்குப் பசிக்கும்.

தோட்டத்துக்குக் கீழே சிங்களவர் சோமபாலவின் தேத்தண்ணீர்க் கடை. அவர் மகன் சமிந்த பட்டாளத்தில் சேர்ந்து வடக்கில் செத்துப்போனான். அதன்பிறகு எங்கள் தமிழ் ஆட்கள் கடைப்பக்கம் போகவில்லை. கோபமில்லை, எந்த முகத்தோடு போவது என்ற பயம். ஒரு வருஷமாக அவர் சுட்ட வடை அவருக்கேதான்.

சமிந்தவின் வருஷ தானத்துக்கு, நம்ம திவசம் மாதிரி, முதல்நாள் அவரே மேலேறி வந்தார்.

"நாளைக்கி மகனுக்குப் பெரட்டு அடிக்க ஓணும், மாரிமுத்து. தோட்டத்து ஆள் நாலு பேர் வந்தா நல்லம்."

"ஆளு வருவாங்களான்னு தெரியாதுங்க மாத்தயா. பெரட்டு அடிச்சிருவோம்."

அவர் போனதும் கேட்டேன். "செத்தவனுக்குப் போயி பெரட்டா அண்ணே?"

"கேட்டத அடிடா. பெரிய வாத்தியாரு இவரு."

மறுநாள் ஞாயிறு. கடை வாசலில் சமிந்தவின் படம், மாலை, ஐந்தாறு உறவினர். எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரட்டை அடித்தோம்.

பத்து நிமிஷத்தில் லயத்து வீடுகள் காலி. கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக எல்லோரும் சத்தம் வந்த திசையில் இறங்கி வந்தார்கள். முன்னால் செல்லம்மா அக்கா.

"ஞாயித்துக்கெழமயும் விடமாட்டானுகளா? எந்தப் படுபாவி அடிச்சது?"

மாரிமுத்து அண்ணன் என்னைக் காட்டினார்.

படத்தைப் பார்த்ததும் கூடைகள் கீழே இறங்கின. யாரும் திரும்பிப் போகவில்லை. பழக்கதோஷம், கால்கள் தாமாக வரிசை பிடித்தன. சோமபால தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றார்.

"பெரட்டுன்னா பேரு கூப்பிடணும்ல, மாத்தயா," என்றார் அக்கா. "கூப்பிடுங்க."

"சமிந்த."

"எங்க வீட்டுப் பேரு ஒண்ணு இருக்கு. சிவகுமார்."

அக்காவின் மகன். வவுனியாவுக்குக் கடை வேலைக்குப் போனவன், ஷெல் விழுந்து செத்தான். உடல்கூட வரவில்லை.

"சிவகுமார," என்றார் சோமபால, தன் நாக்குக்கு வந்தபடி. யாரும் திருத்தவில்லை. மாரிமுத்து அண்ணன் கண்ணைக் காட்ட, நான் அடித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெரட்டு. தாளம் தப்பியது. அதற்கும் திட்டு விழவில்லை.

"இனி இந்த வரிசைக்கி வேற பேரு சேர வேணாம்," என்று சோமபால தட்டை நீட்டினார். அன்று கடையில் வடை மிஞ்சவில்லை.

இப்போது அங்கே வேலைக்கு அழைப்பு போனில் வருகிறது. தப்பு இல்லை, மாரிமுத்து அண்ணன் இல்லை, கடை இருந்த இடத்தில் பாதை அகலமாகிவிட்டது. போன் செய்தி சரியான ஆளுக்கு, சரியான நாளில்தான் போகிறது. அதைக் கேட்டு ஒருவரும், அந்த ஞாயிறு போல, தவறிக்கூடக் கீழே இறங்கி வரமாட்டார்கள்.