உயர்வு நவிற்சிக்கு ஐந்து உதாரணங்கள்

பத்தாம் தரத்தில் நான் ஆங்கில இலக்கியம் எடுத்ததற்கு ஒரே காரணம், அந்தப் பாடம் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஒரு மணி நேரம் நடக்கும் என்பதுதான். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வர இருட்டிவிடும். நேரத்தோடு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் பூட்டைத் திறப்பதில் எனக்கு அவசரம் இருக்கவில்லை. பாடம் முடிந்து பொகவந்தலாவையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எங்கள் தோட்டத்துக்கு இறங்குகிற பிள்ளை நான் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் இலக்கியச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். ‘ஹைப்பர்போலி’ என்பதை நான் ‘ஹைப்பர்போல்’ என்று வாசிக்க, வகுப்பு சிரித்தது.

“தமிழ்ல உயர்வு நவிற்சின்னு படிச்சிருப்பீங்க,” என்றார் டீச்சர். “கேட்ட உடனே இது நெசமில்லன்னு தெரியணும். ஆனா சொன்னவங்கள யாரும் பொய்க்காரின்னு சொல்லக் கூடாது.”

வீட்டில் பேசுகிற பேச்சிலிருந்து ஐந்து உதாரணங்களைப் பிடித்து, ஆங்கிலத்தில் எழுதிவர வேண்டும். எங்கள் வீட்டில் பேச்சுக்குத்தான் பஞ்சம். சோறு இருக்கிறதா, கதவைச் சாத்தினாயா என்பதற்கு மேல் அப்பா பேசமாட்டார். அதில் உயர்வும் இல்லை, நவிற்சியும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அம்மா அழைக்கிற நாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். நிறுவை முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் போனோடு அங்கே தனியாக உட்கார்ந்திருப்பேன். அம்மா எப்போதும் மூன்றே விஷயம் சொல்வாள்: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீ படி.

அன்றைக்கு நான் பாடத்தைச் சொல்லி, “நம்பவே முடியாத மாதிரி ஏதாச்சும் சொல்லுங்கம்மா” என்றேன்.

“நம்ப முடியாத மாதிரியா?”

“ஆமாம்மா. அதுதான் பாடம்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “நான் அலுமாரிக்குள்ளதான் படுக்குறேன்னு எழுதிக்க” என்றாள். நான் கைகொட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்தடுத்து வந்தன. அந்த வீட்டில் கடைசிக் கதவைத் துடைப்பதற்குள் முதல் கதவில் தூசி படிந்துவிடும். பூனை சாப்பிட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு. வேலை செய்யும்போது நின்றுகொண்டே தூங்கிவிடுவாள். அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

“இன்னொன்னு, உங்கிட்ட பேசுற அன்னைக்கு மட்டுந்தான் எனக்கு ஒரு கொரல் இருக்குன்னே ஞாபகம் வருது…”

“அது ரொம்ப நீளம்மா. சின்னதா ஒன்னு சொல்லுங்க.”

அம்மா, “சரி. இங்க ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம்” என்றாள். ஐந்து ஆகிவிட்டது.

டீச்சர் என் பதில்களை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அலுமாரிக்குத்தான் பெரிய சிரிப்பு. முழுப் புள்ளிகளும் கிடைத்தன. முதல்முறையாக இரண்டு பிள்ளைகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அம்மா ஊர் திரும்பினாள். துணி அலுமாரிகள் அடுக்கியிருந்த ஜன்னலில்லாத அறையில் பாய் விரித்துப் படுத்ததை, அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை, கதவு, நின்றபடி தூக்கம், எல்லாம் அப்படியே. நான் எழுதிய ஐந்தில் அந்த முப்பது மணி நேரம் ஒன்றுதான் உயர்வு நவிற்சி.

ஆனால் எனக்கு இன்றும் ஆறாதது அந்தப் புள்ளிகள் அல்ல. அந்த ஐந்தையும் சொன்னதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அம்மா போனில் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“அந்தப் பாடம் இன்னைக்கும் இருக்கா?”

“இல்லம்மா, அது முடிஞ்சிருச்சு. இனி நாடகம்.”

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, நானே போனை அணைத்துவிட்டு, மழைக்கு முன் வீடு போய்ச் சேர ஓடினேன்.