வெயிலில் பார்த்த வீடு

யோருனுக்கு வேண்டியிருந்தது பகல் தூக்கம் ஒன்றுதான். நார்வேயில், மழைக்குப் பேர்போன பெர்கன் நகரில் ஒரு மருத்துவமனையில் அவள் இரவுப் பணி நர்ஸ். காலையில் வந்து படுத்தால், மேல்மாடிக்காரன் ட்ரம்ஸ் பழக ஆரம்பித்துவிடுவான். ஐம்பது வயதுக்குள் அவள் இப்படி எரிந்து விழுகிறவளாக ஆனதற்கு அந்தப் பாவிதான் காரணம் என்பதை அவள் புருஷன் ஓட்வாரே ஒப்புக்கொள்வான்.

ஆனால் வீடு மாற அவன் விட்டால்தானே! எதைக் காட்டினாலும் ஒரு குறை. கடைசியில் மலையடிவாரத்தில், அக்கம்பக்கம் நெருக்கமில்லாமல், கைக்கு எட்டும் விலையில் ஒரு மரவீடு விற்பனைக்கு வந்தது. கொல்லைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் போனதால்தான் அந்த விலை. ஓட்வாருக்குச் சொல்லவா வேண்டும்?

“கம்பிக்குக் கீழ மரம் வளர்க்க விடமாட்டாங்க,” என்றான்.

“நீ என்னிக்கு மரம் வளர்த்த? ஜன்னல்ல வச்ச கள்ளிச்செடியே உன்கிட்ட பொழைக்கல.”

“ஒடம்புக்கு ஏதாவது வந்தா?”

“தூக்கமில்லாம இப்பவே வந்தாச்சு. அந்தத் தூரத்துல பயமில்லைனு அளந்து பாத்துதானே சொல்லியிருக்காங்க.”

“திரும்ப விக்கும்போது எவன் வாங்குவான்?”

“நான் செத்ததுக்கப்புறம் நீ நின்னு வித்துக்கோ.”

வீட்டைப் பார்க்கப் போன நாளில், வாராது வந்தது போல வெயில் வந்தது. வெயிலைக் கண்டால் பெர்கன்காரர்களுக்குப் புத்தி மழுங்கிவிடும். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காலணியைக் கழற்றி வைத்து உள்ளே ஒரு சுற்று சுற்றினார்கள். பிறகு கொல்லைப் பக்கத்து மரத்தளத்தில், சுவரில் சாய்ந்து முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்துவிட்டு நின்றார்கள். குறை கண்டுபிடிக்கவே பிறந்த ஓட்வாரும் கண்ணை மூடிக்கொண்டான். யோருன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தேனீ ஒன்றின் ரீங்காரம் தவிர எந்தச் சத்தமும் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஏலம். அந்த நாட்டில் ஒருமுறை விலை சொல்லி அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது.

“மழை நாள்ல இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்பலாமே,” என்று இழுத்தான் ஓட்வார்.

“கூரை புதுசு. ஒழுகாது. போதும் நிறுத்து.”

அவன் வாயை மூடுவதற்குள் போனில் விலையை அனுப்பிவிட்டாள். வீடும் அவர்களுக்கே விழுந்தது.

இலையுதிர் காலத்தில் குடிபோனார்கள். முதல் நாள் பணி முடிந்து வந்து போர்த்திக்கொண்டு படுத்தாள். வெளியே மழை. தலைக்கு மேல் யாரோ வாணலியில் மீன் பொரிப்பது போல ஒரு சத்தம், விடாமல். எழுந்து வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மழைக்கோட்டோடு நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு டுர்போர்க் நின்றாள்.

“கம்பிதாங்க. நனைஞ்சா அப்படித்தான் பொரியும். காஞ்ச நாள்ல ஒண்ணும் கேக்காது.”

“காஞ்ச நாளா? இந்த ஊர்லயா?”

“மே மாசத்துல வருமே,” என்று அந்த அம்மாள் நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

யோருன் உள்ளே வந்து, தட்டுமுட்டுச் சாமான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த ஓட்வாரின் எதிரில் நின்றாள்.

“அத்தனை குறை சொன்னியே. இதை ஏன் சொல்லல?”

“எனக்கு மட்டும் தெரியுமா? அதுக்குத்தான் மழைல இன்னொரு தடவை பாக்கலாம்னேன்.”

அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. போய்ப் படுத்துத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். தலையணைக்கு அடியிலிருந்தே அவள் குரல் வந்தது.

“மேல்மாடிக்காரனாவது நடுவுல சாப்பிடப் போவான்.”