கைக்குள் அடங்காத பட்டியல்

டோல்கேட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழாம் நம்பர் கூண்டில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆனதில் ‘ஏழாம் நம்பரக்கா’ என்றே நிலைத்துவிட்டது. கூண்டு என்பது வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். கம்பெனிக் காகிதத்தில் அது ‘வசூல் மையம்’. எழுந்து நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற இடத்துக்கு மையம் என்று பெயர் வைத்த புண்ணியவான் ஒருநாளாவது அதற்குள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலை. மாற்று ஆள் வந்தால்தான் கதவைத் திறக்கலாம். கழிப்பறையோ எல்லாப் பாதைகளையும் தாண்டி அந்தக் கோடியில். அதனால் காலையில் அரை டம்ளர் தண்ணீர், அப்புறம் அவ்வப்போது உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொண்டே தாகத்தோடு உட்கார்ந்திருக்க ஆறு வருஷத்தில் பழகியிருந்தாள். உடம்புதான் பழகவில்லை. ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தபோது டாக்டர் சிடுசிடுத்தார்.

“இன்னும் இப்படியே அடக்கிட்டிருந்தீங்கன்னா கிட்னியைப் பாதிச்சிடும்மா. வேலை முக்கியமா, உடம்பு முக்கியமா?”

ரெண்டும்தான் டாக்டர் என்று வாய் வரை வந்தது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வருஷத்தில் ஒருநாள், கம்பெனியின் இணையப் பக்கத்தில், யார் எந்த இடத்தில் வேலை பார்ப்பது என்று அவரவரே தேர்ந்தெடுக்கலாம். காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரைதான் பக்கம் திறந்திருக்கும். மூத்தவர் கேட்டது மூத்தவருக்கு. இந்த வருஷம் அவளைவிட மூத்தவர் எவருமில்லை. அலுவலகத்தில் புகார் மேஜை காலியாகிறது. நாற்காலி, மின்விசிறி, எட்டு அடி வைத்தால் கழிப்பறை. ஒருநாள் சம்பளச் சீட்டு வாங்கப் போனபோது அந்த எட்டு அடியையும் நடந்தே பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

பக்கம் திறக்கும் நாளுக்கு லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“லீவா? விளையாடறீங்களா? ஃபோன் இருக்குல்ல, அதுலயே போட்டுடுங்க.”

ஃபோன் இருந்தது. இதற்கென்றே வாங்கியது. கடைக்காரன் அளந்துவிட்டிருந்தான்: “கம்ப்யூட்டர்ல வர்றது அத்தனையும் இதுல வரும்க்கா. கம்ப்யூட்டரையே சுருக்கிக் கையில குடுத்த மாதிரி.”

மகள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். “பேச, படம் பார்க்க இது போதும்மா. பெரிய கட்டம் போட்ட ஃபாரம்னா இதை நம்பாதே. ஒரு பக்கம் தெரிஞ்சா மறுபக்கம் தெரியாது. ப்ரௌசிங் சென்டர்ல போய்க் கம்ப்யூட்டர்ல போடு.”

“நான் எங்கடி போறது? நீயே போட்டுக் குடேன்.”

“பத்து மணிக்கு எனக்குப் பரீட்சைம்மா.”

ஆக, கூண்டும் அவளும் ஃபோனும்தான்.

அந்த நாளும் வந்தது. காலையில் வழக்கம்போல ஒலிபெருக்கியில் ஆஜர் எடுத்தார்கள். ஒவ்வொரு கூண்டும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு. இவள் “ஏழு” என்றாள். அலுவலகம் “எட்டு” என்று முடித்தது. நான்கு கிடையாது. நான்காம் கூண்டில் லாரி மோதி இவள் வந்த வருஷமே இழுத்து மூடியாகிவிட்டது. மூணுக்கு அப்புறம் அஞ்சு என்பது அங்கே எல்லோருக்கும் நாக்கிலேயே ஊறிப்போன கணக்கு. தலைமை அலுவலகத்துப் பட்டியலில் மட்டும் அந்த நான்காம் கூண்டு இன்னும் உயிரோடு, ஆள் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

பத்து மணிக்குப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது. ஒரு கார் போனது, ஒரு பேருந்து போனது, இரண்டு லாரிகள் போயின. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தே காலுக்குப் பட்டியல் வந்தது. கடைக்காரன் பொய் சொல்லவில்லை. எல்லாம் வந்திருந்தது, கடுகு கடுகாக.

இரண்டு விரலால் விரித்தாள். இடது பக்கத்தில் எண்ணும் வேலையின் பெயரும். எட்டாவது வரியில் ‘புகார் மேஜை’. டிக் போடும் கட்டம் எங்கோ வலது கோடியில். அங்கே இழுத்தால் எண்ணும் பெயரும் திரையை விட்டுப் போய், பத்துப் பன்னிரண்டு வெறுங்கட்டங்கள் மட்டும் மிஞ்சின. திரும்பி வந்தால் கட்டங்கள் காணவில்லை. ஃபோனைப் படுக்கவைத்துப் பார்த்தாள். பக்கம் முதலிலிருந்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

வெளியே ஹாரன் காதைப் பிளந்தது. “என்னம்மா, ஃபோனை அப்புறம் நோண்டலாம்ல!” என்றார் ஒரு டிரைவர். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி பத்து இருபத்தேழு.

பட்டியல் மறுபடி வந்தது. எட்டாவது வரி, எட்டாவது வரி என்று முணுமுணுத்துக்கொண்டே வலது கோடிக்கு இழுத்தாள். வெறுங்கட்டங்களின் மேல் விரல் நுனியை வைத்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. அழுத்தினாள். டிக் விழுந்தது. ‘உறுதி செய்க’. செய்தாள்.

‘உங்கள் தேர்வு பதிவாகிவிட்டது. இனி மாற்ற இயலாது.’

அவளுக்கு வாயெல்லாம் பல். ஆறு வருஷம்! அடுத்த மாதம் முதல் இந்தத் தகரச் சுவர் இல்லை, இந்தப் புகை இல்லை. காலடியிலிருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, இத்தனை வருஷத் தாகமும் தீரட்டும் என்று மடமடவென்று ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே நினைவில்லை.

பாட்டிலைக் கீழே வைக்கும்போது குறுஞ்செய்தி வந்தது.

‘வாழ்த்துகள். நீங்கள் விரும்பிக் கேட்ட இடமே வழங்கப்பட்டது: வசூல் மையம் 7.’

மூன்று தடவை படித்தாள். கட்டங்களை இன்னொரு தடவை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூணு, அஞ்சு என்ற இடத்தில் எண்ணிக்கை நின்றது. நடுவில் நாலு விட்டுப்போயிருந்தது. சட்டென்று மைக்கை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

“சார், ஏழாம் நம்பர் பேசறேன். தப்பா விழுந்திடுச்சு சார். நான் கேட்டது ஆபீஸ் மேஜை. கொஞ்சம் சொல்லி மாத்தித் தாங்க சார்.”

“அது கம்ப்யூட்டர் எடுத்துக்கிட்டதும்மா, நான் என்ன செய்ய? உங்க கையால நீங்கதானே அழுத்தினீங்க? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். வண்டி நிக்குது பாருங்க.”

நின்றுகொண்டுதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அடிவயிறு கனக்க ஆரம்பித்திருந்தது.

“சார், அப்போ ஒரு அஞ்சு நிமிஷம் மாத்து ஆளாவது அனுப்புங்க சார்” என்றாள்.

“ரெண்டு மணிக்கு வருவாங்க.”

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது.