டப்பா மேல் போட்ட பழி

தைராய்டு ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டப் புறப்பட்டு, ஐயப்பன்தாங்கலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். மூன்றாவதாக ஒரு அம்மா ஏறப் பார்த்தார், என் பருமன் போக மிச்சமிருந்த இடம் போதவில்லை. டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. நீ எறங்கி அடுத்த வண்டில வந்துடு. மூணு பேர் ஒக்கார்ற சீட்டு இது."

கேலியாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். தன்மையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. இறங்கி, மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்தை ஒட்டி, துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு தனி ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி போனேன்.

தைராய்டு சரியாக இருந்தது. டாக்டரம்மா எதுவும் கேட்பதற்கு முன்பே, நான் அதிகம் சாப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டவர், எதில் சாப்பிடுகிறேன் என்றும் கேட்டார். ஆபீசில் பிளாஸ்டிக் டப்பாவோடு மைக்ரோவேவில் சூடாக்குவதையும், ஓட்டலிலிருந்து கொதிக்கக் கொதிக்க கவரில் வரும் சாம்பாரையும் சொன்னேன்.

"சூட்டுல பிளாஸ்டிக்லேர்ந்து இறங்குற சில கெமிக்கல், ஹார்மோனைக் குழப்பி எடையைக் கூட்டலாம்னு சந்தேகப்படறாங்க. உங்களுக்கு அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்க முடிஞ்சதைக் குறைங்க. நடங்க, நல்லாத் தூங்குங்க."

எனக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் சேலத்திலிருக்கும் அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டே உற்சாகமாகச் சொன்னேன்.

"வாயைக் கட்ட முடியல, டப்பா மேல பழி போடறியா?" என்றாள்.

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அதை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோறு எவர்சில்வர் டப்பாவுக்கு மாறியது. அதை மைக்ரோவேவில் வைக்க முடியாததால் ஆறிய சோற்றையே தின்றேன். ஆபீசில் கேட்டவர்களிடம் டயட் என்றேன். ஓட்டல் சாம்பாரை நிறுத்தினேன். காலையில் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடந்தேன்.

சில மாதங்களில் எடை கொஞ்சம் இறங்கியது. டப்பாவாலா, நடையாலா, ஓட்டலை விட்டதாலா என்று டாக்டரம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

லிஃப்டில் மேல்வீட்டுக்காரர், இளைத்துவிட்டீர்களே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். டப்பா என்று வாய் வரை வந்தது. "வாக்கிங்தாங்க" என்றேன். உங்களுக்கு மனஉறுதி அதிகம் என்றார். தலையைக் குனிந்துகொண்டு, நன்றி என்று மட்டும் சொன்னேன்.