பொலநறுவைக்குக் கொண்டுபோன பூ

“…இந்தப் பீநாத்தத்துக்குள்ள நிண்டு எப்படி மனே கேக்கிற, என்ட புள்ள இரிக்கானா செத்தானா எண்டு?”

போன கிழமை, பூட்டிக் கிடந்த பின்னறையைத் திறந்தேன். கூரைக்குள் வௌவால் குடியேறியிருந்தது. அந்த எச்ச நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், பொலநறுவையில் பொன்னம்மா மாமி என்னிடம் கேட்ட இந்தக் கேள்வியும் கூடவே வந்து நின்றது. மூக்குக்கு இருக்கிற ஞாபகம் மண்டைக்கும் இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்திருப்பேன்.

மாமிக்கு நாவற்குடாவில் எங்கள் பக்கத்து வளவு. ஒரே மகன் மாங்கேணிக்கு மீன்பிடிக்கப் போயிருந்த நேரம் சுனாமி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மாமி கடல் மீனைத் தொட்டதில்லை, வாவி மீன்தான். “எதைத் திண்ட மீனெண்டு ஆருக்குத் தெரியும்?” என்பார். ஆனால் செத்தவர்களுக்குக் கழிக்கிற அந்தியேட்டியைச் செய்துவிடுங்கள் என்று யாரும் சொன்னால் விளக்குமாற்றைத் தூக்குவார். மீன்சட்டிக்கு மட்டும் செத்தவன், மற்ற எல்லாவற்றுக்கும் உயிரோடு இருந்தான்.

சண்டை முடிந்து பயம் தெளிந்ததும், ஊரே வேன் பிடித்துப் பொலநறுவைக்குப் பழைய ராசதானி பார்க்கப் போனது. மாமி வந்தது சிலை பார்க்க அல்ல. அங்கே பாழடைந்து கிடந்த ஒரு சிவன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க. ஒரு வெற்றிலைக்குள் வெள்ளைப் பூ, மற்றதற்குள் சிவப்பு. நூல் சுற்றி, சாமிக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மகன் இருக்கிறான். சிவப்பு வந்தால் அந்தியேட்டி.

“நம்மட ஊர்ச் சாமியெல்லாம் என்னில பாவம் பாத்துப் பொய் சொல்லும் மனே. அறியாத சாமிதான் உள்ளதைச் சொல்லும்.”

ராசதானியா அது? சோற்றுப் பொதித் தாள், அதில் குரங்கு, குரங்கு விட்டதில் ஈ. கருங்கல் தூணில் வெற்றிலைத் துப்பல், அதற்கு மேல் காதலர் பெயர். கடைசியாக அந்தக் கோயிலைக் கண்டுபிடித்து உள்ளே காலை வைத்தால், மேலே வௌவால், கீழே மூத்திர ஈரம். லிங்கத்துக்குப் பின்னாலேயே எவனோ வயிற்றைக் கழித்துவிட்டுப் போயிருந்தான்.

வேன் ஓட்டி வந்த காத்தான்குடி முஸ்லிம்காரர், எங்களுக்கெல்லாம் நானா, வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். “ராசா இவ்வளவும் கட்டியிரிக்காரு, ஒரு கக்கூசு கட்ட மறந்திட்டாரே மாமி!”

மாமி மடியிலிருந்து இரண்டு வெற்றிலைப் பொட்டலத்தையும் எடுத்தார்.

“கெதியா ஒண்டை எடுங்க மாமி, போவம்” என்றேன், சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு. அப்போதுதான் அந்தக் கேள்வி.

இன்று அந்த வேன் இல்லை. வழிநெடுக எங்களை இறக்கி இறக்கி அடையாள அட்டை பார்த்த காவலரண்கள் இல்லை. நானா இல்லை, மாமியும் போய்விட்டார். அன்று, அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு மாமி வெளியே வந்தார். விறுவிறென்று பக்கத்துக் குளக்கட்டில் ஏறி, இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே தண்ணீருக்குள் எறிந்தார். பிறகு குனிந்து, முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார்.